தொலைந்த பந்துகள்: முப்பத்தொன்று

பதிவாளர் அறையில் ஹீட்டர் உண்டு,
அதனால் கூட்டம் அங்கே.
பதிவாளர், கணிதத்துறை பெள்ளி சார்,
குறிப்பெடுக்க கணக்குப் பிரிவிலிருந்து நான்.
ஆறு அணிகளில் நான்குதான் மிஞ்ச வேண்டும்.
அதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.
மதிப்பீடு அதற்குப் பிறகு தொடங்கியது.

வரவு சுலபம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு மாணவர்,
தலைக்கு முந்நூற்றைம்பது விளையாட்டுக் கட்டணம்,
ஆக இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து இருநூறு.
கோத்தகிரியில் இதற்கு மேல் பைசா பெயராது.
டிக்கெட் போட எங்கள் மைதானத்துக்குச் சுவர் இல்லை.
வேடிக்கை பார்ப்பவை காட்டெருமைகள்,
அவையும் இடைவேளையோடு போய்விடும்.

செலவில் முதல் வரி, பந்து.
கிழக்குக் கோல் கம்பத்தைத் தாண்டினால்
தேயிலைச் சரிவு. அதற்குக் கீழே மூடுபனி.
கால்பந்து அணி ஓராண்டில் தொலைத்தது முப்பத்தொன்று.
"நேராக உதைக்கத் தெரியாதா?" என்றார் பதிவாளர்.
வலை கேட்டு எழுதிய கடிதம்
மூன்று வருடமாக அவர் மேசையிலேயே கிடக்கிறது.
வலை பதினெட்டாயிரம்.
பந்து அறுநூறு.
பெருக்கிப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்து
டீயைக் குடித்தேன்.

கிரிக்கெட், எண்பத்தாறாயிரம்.
வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து
மேட்டுப்பாளையம் வெயிலில் இறங்கி
கோவையில் தோற்றுத் திரும்ப ஆன செலவு.
பெள்ளி சார் ஒரு கட்டம் போட்டிருந்தார்:
வெற்றி ஒன்றுக்கு ஆகும் தொகை.
பூஜ்யத்தால் வகுக்க முடியாதல்லவா,
கிரிக்கெட்டுக்கு நேரே காலியாக விட்டிருந்தார்.
வெள்ளையாக, பார்க்க நன்றாகவே இருந்தது.
கோப்பை தாளாளர் பெயரில் என்பதால்
யாரும் அதன்மேல் பென்சில் வைக்கவில்லை.

தொலைதூர ஓட்டம் ஒன்பது பேர்.
முட்டை, வாழைப்பழம், நாலாயிரத்து நூறு.
மாவட்டத்தில் இரண்டாமிடம்.
"இவங்களுக்குச் செலவே இல்லையே,
இதெல்லாம் ஒரு அணியா?"

கடைசியில் பெண்கள் ஹாக்கி.
ஒதுக்கீடு இருபத்திரண்டாயிரம். செலவும் அதே.
ஆனால் குன்னூர், ஈரோடு, திண்டுக்கல் என்று
மூன்று ஊர் போய் வந்திருக்கிறார்கள்.
வேன் வாடகை மட்டும் கூட்டினாலே
பதினாலாயிரம் இடிக்கிறது.
"எங்கிருந்து வந்தது?"
பதிவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
ஒரு கையாடல் கிடைத்தால் அணியை மூடுவது எளிது.
என்னை விசாரிக்கச் சொன்னார்.

கேப்டன் சிவதர்சினி
மழைக்கோட்டைக் கழற்றாமலே வந்தாள்.
ஒரு ரொட்டிக் கவரைக் கவிழ்த்தாள், சீட்டுகள்.
ஆறு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு பெண்கள்,
கொழுந்து ஆயிரத்து நானூறு கிலோ,
கிலோவுக்குப் பத்து ரூபாய்.
தோட்டக்காரர் கையெழுத்து சாய்ந்து சாய்ந்து.
"ஏன் சொல்லல?"
"சொன்னா அதையே எங்க பட்ஜெட்னு எழுதிருவீங்க மேடம்."

அவள் போன பிறகும் தரையில் ஈரம்.
மறைத்தால் கையாடல்.
எழுதினால் அடுத்த வருட ஒதுக்கீட்டில்
பதினாலாயிரம் குறையும்,
அவர்களால் சம்பாதிக்க முடிகிறதே என்று.
கரன்ட் போனது. ஹீட்டரின் சிவப்பு
மெல்ல சாம்பல் ஆவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு செல்போன் வெளிச்சத்தில்
வரவிலும் எழுதாமல் செலவிலும் எழுதாமல்
பொறுப்புகள் பக்கத்துக்குப் புரட்டினேன்:

நிலுவை. பல்கலைக்கழகம் திருப்பித் தர வேண்டியது,
பதினோரு பேருக்கு, ரூபாய் பதினாலாயிரம்.

நாளை இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.
சீட்டுகளை அடுக்கும்போது
ஒன்றின் பின்புறம் பென்சிலில் கிறுக்கியிருந்தது:
புதருக்குள் பந்து, நாலு. பாய்ஸ்கிட்ட கொடுத்தாச்சு.

முப்பத்தொன்றை அடித்து இருபத்தேழு ஆக்கினேன்.
அறுநூறால் பெருக்கினால் பதினாறாயிரத்து இருநூறு.
இப்போது வலைதான் விலை அதிகம்.