நூற்று நாற்பத்தெட்டு

திருப்பாதிரிப்புலியூரில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில்,
பதினாறு படுக்கை உள்ள நர்சிங் ஹோமில்
இரவு எட்டிலிருந்து காலை எட்டுவரை
நான் பென்சிலால் எழுதுகிறேன்.
நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், என்ன மருந்து, எத்தனை வேளை.
காலையில் டாக்டர் தணிகாசலம் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்து
காபி குடித்தபடியே
என் எழுத்தின் மேல் பேனாவை ஓட்டுவார்.
அடியில் அவர் பெயர், பதிவு எண்.
சுழிகள் கொஞ்சம் மாறும்.
மருந்து மாறியதில்லை.

தெருவில் எனக்கு ரஷ்யா டாக்டர் என்று பெயர்.
படித்தது கிர்கிஸ்தானில், ஓஷ் நகரத்தில்.
திருத்திப் பார்த்தேன்.
"பனி பெய்யிற ஊரெல்லாம் ரஷ்யாதாம்மா"
என்று முடித்துவிட்டார் மாவு மில்காரர்.
அங்கே "க்தியே பலீத்" என்று கேட்கப் பழகினேன்.
எங்கே வலிக்கிறது.
ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து
யோசித்து, யோசித்துப் பதில் சொன்னார்.
இங்கே கேட்டால்
"டாக்டர் எப்ப வருவாரு?" என்கிறார்கள்.

முந்நூறு கேள்வி. நூற்றைம்பது வாங்கினால் டாக்டர்.
முதல் தடவை நூற்று முப்பத்தொன்று.
அடுத்தது, நூற்று நாற்பத்தெட்டு.
அந்த இரண்டு எவை என்று யாரும் சொல்லப்போவதில்லை.
குளிக்கும்போது தேடுகிறேன்,
சோறு வடிக்கும்போது.
விழி நரம்பிலா, தட்டம்மைத் தடுப்பூசி போடும் மாதத்திலா?
அப்பா சிப்காட்டில் பாய்லர் பார்ப்பவர்.
முள் இரண்டு கோடு தள்ளி நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்.
ஒன்றும் சொல்லவில்லை.

தேர்வே வேண்டாம் என்று நானும் சொல்ல மாட்டேன்.
கூடப் படித்தவன் ஒருவன்,
ஆறு வருடமும் பில்லியர்ட்ஸ் மேசையை விட்டு நகராதவன்.
அவன் கையில் எங்கள் வீட்டுப் பூனையைக்கூடக் கொடுக்க மாட்டேன்.
போன தடவை அவன் பாஸ்.
இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, மணி இரண்டரை.
தேவனாம்பட்டினத்திலிருந்து ஆட்டோவில் அஞ்சாப்புலி.
வலது கணுக்காலில் திருக்கை குத்தியிருந்தது.
கடித்துக் கடித்துக் கீழுதடு கிழிந்திருந்தது.
ஓஷில் கடல் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை மலை.
பாடப்புத்தகத்தில் ஒன்றரை வரி மட்டும்:
தாங்கும் சூட்டில் தண்ணீர்.
அதை நம்பி கெட்டிலைப் போட்டேன்.
முதலில் என் முழங்கையை விட்டுப் பார்த்து
அப்புறம் அவர் காலை.
முள் ஒடிந்து உள்ளே நிற்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினேன்.
சிஸ்டர் ரெஜினா டெட்டனஸ் போட்டாள்.
டாக்டருக்குப் போன் செய்தோம்.
"ம்... ம்... அதேதான்" என்றபடி தூங்கிப்போனார்.
நாலு மணிக்கு அஞ்சாப்புலியின் தோள் இறங்கியது.
முதல் வார்த்தை: "வல என்னாச்சோ."

விடிந்ததும் கேட்டார்,
"போட்டுக்காரர்கிட்ட காட்டணும்.
பத்து நாளு ரெஸ்டுன்னு ஒன் பேரப் போட்டு
ஒரு சீட்டு குடு தாயி."
என் பெயர் போடக்கூடாது, டாக்டர் வந்து போடுவார் என்றேன்.
"அப்ப ராத்திரி பாத்தது யாரு?"
என் கைப் பென்சிலைப் பார்த்தார்.
ராத்திரி ஒப்புதல் படிவத்தில் உருட்டிய பெருவிரல்
இன்னும் நீலமாக இருந்தது. அதைத் தூக்கிக் காட்டினார்.
"நான் கைநாட்டு. பள்ளிக்கூடம் போவல.
நீ ஏன் தாயி?"
சிரித்துவிட்டோம்.
நான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தேன் போல.
ரெஜினா திரும்பிப் பார்த்தாள்.

இது மார்கழி. பாண்டி பஸ்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் ஜன்னல் கண்ணாடி
பனியில் வெள்ளையாகிக் கிடந்தது.
கிருமாம்பாக்கம் தாண்டி ஏதோ ஒரு கல்லூரி.
வரிசையில் என் வயசுக்காரர்கள், என்னைவிட மூத்தவர்கள்,
இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி.
வாசலில் காவல்காரம்மா
வளையலைக் கழற்றச் சொன்னாள், கைக்குட்டையை வாங்கினாள்.
உள்ளே எல்லாம் கம்ப்யூட்டர், எழுத ஒன்றும் இல்லை.
சுடிதார்ப் பையைத் தடவியவள் பென்சிலை எடுத்தாள்.
நைட் டியூட்டியிலிருந்து அப்படியே வந்தது.
"இதுவும் கூடாது."
பிளாஸ்டிக் டப்பாவில் போட்டாள்.
"முடிச்சிட்டுப் போறப்ப மறக்காம எடுத்துக்க" என்றாள்.
"வேணாம்னா விட்டுட்டுப் போ."