ஏழு நடை

வாரத்துக்கு ஒன்பது நடை.
நடைக்கு இவ்வளவு என்று நகராட்சிக் கணக்கு.
யேகப்பில்ஸ் கழிவுநீர் நிலையத்தின் பின்வாசலிலிருந்து
பதினெட்டு கிலோமீட்டர்,
ஆர்விட்ஸின் ரை வயல் வரைக்கும்.

நான் ஏற்றிப்போவது கசடு.
ஊர் கழுவிவிட்டு மறந்தது.
நாற்றம் பழகிவிடும். பழகாதது சொட்டு:
பின்கதவின் இடுக்கில் கசிந்து
பாலத்துக்கு முந்தைய வளைவில்
கருத்த கோடொன்று என் பெயரில் கிடக்கும்.
எதிரே வருகிறவர்கள் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள்.
ஓஸ்வால்ட்ஸ் போகிறான், மணி எட்டு.

ஜனவரியில் தௌகவா உறைந்தபோது
மையவிலக்கி துப்பியது கட்டியே இல்லை,
கூழ்.
பிரிந்து வந்த நீரும் தெளியவில்லை,
தேநீரில் சாம்பல் கரைத்த நிறம்.
மேலாளர் குன்வால்டிஸ் புது இயந்திரம் கேட்டு
மூன்று கடிதம் எழுதினார்.
மூன்றுக்கும் ஒரே பதில்:
அடுத்த நிதியாண்டு.

ஆய்வகத்து ஸ்கைத்ரீதே கடிதம் எழுதவில்லை.
கண்ணாடிக் குவளைகளில் கசட்டை ஊற்றி
பாலிமரைச் சொட்டுச் சொட்டாக விட்டு
ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றினாள்,
பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று,
யாரோ குடிக்கக் காத்திருப்பதுபோல.
ஒரு குவளையில் மட்டும் பால் திரிந்ததுபோல்
கசடு வேறு நீர் வேறு ஆனது.
அது, கை கழுவும் குழாயின் வெந்நீரில்
மருந்தைக் கரைத்த குவளை.

"குளிரில் இது விரிவதில்லை," என்றாள்.
"மீன்கண் மாதிரி உருண்டு நின்றுவிடுகிறது.
விறைத்த விரலால் நீ கையெழுத்துப் போடுவாயா?"
ரசீதில் கையெழுத்துப் போட வந்தவன் நான்.
கையுறையைக் கழற்றாமலே நின்றிருந்தேன்.

காற்றூதிகள் இரவும் பகலும் அனல் மூச்சு விடும் அறையில்
இடித்த பள்ளிக்கூடத்துக் கொதிகலனின் செப்புக் குழாயைச் சுருட்டி மாட்டி
மருந்துக்கான தண்ணீரை அதன் வழியே விட்டார்கள்.
மருந்து சேரும் இடத்தையும்
நான்கு மீட்டர் பின்னுக்கு நகர்த்தினார்கள்.
வாசற்படியில் வைத்துத் தாலி கட்டினால்
ஒட்டுமா உறவு?
கொஞ்சதூரம் சேர்ந்து வரட்டும் என்றாள்.

உள்ளிருக்கும் திருகின் வேகத்தைக் குறைத்த முதல் இரவு
எல்லாம் இறுகி அடைத்துக்கொண்டது.
அபாய மணி, இரண்டு மணிக்கு.
மண்வெட்டியோடு நானும் போனேன்.
அவள் முழங்கைவரை உள்ளே விட்டுத் தோண்டினாள்,
"அதிகம் கேட்டுவிட்டேன்," என்று
இயந்திரத்திடமோ என்னிடமோ சொன்னாள்.

பிப்ரவரி முடிவில்
பொத்தென்று விழுந்தது.
கையில் எடுத்தால் விரல்தடம் நின்றது.
நூற்றில் பதினேழாக இருந்த திடம்
இருபத்திரண்டு.
குன்வால்டிஸ் கேக் வாங்கிவந்தார்.
அந்தப் பெயருள்ள இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
எல்லோரும் சாப்பிட்டோம்.

சிகரெட் பெட்டியின் முதுகில் கணக்குப் போட்டேன்.
ஒன்பது நடை ஏழாகும்.
இரண்டு நடை என்பது
டயர் கடனின் மாதத் தவணை.
இன்னொன்றும் அந்தக் கணக்கில் தெரிந்தது:
பதினான்கு வருடமாக
ஆற்றங்கரையிலிருந்து வயலுக்கு
நூற்றுக்கு எண்பத்து மூன்று பங்கு
நான் தண்ணீரைத்தான் சுமந்திருக்கிறேன்,
அதற்குத்தான் கூலி வாங்கியிருக்கிறேன்.

பெட்டியைப் பார்த்துவிட்டாள்.
"நடைக்குக் கேட்காதே. உலர் எடைக்குக் கேள்.
எடை நான் எழுதித் தருகிறேன்."
ஸ்கைத்ரீதே என்றால் எங்கள் மொழியில் தெளிவு.
தெளிவு நல்லதுதான்.
நான்காவது கடிதம் என்னுடையது.
பதில் இன்னும் வரவில்லை.
வரும் பதிலை என்னாலேயே எழுதிவிட முடியும்.

ஏப்ரலில் பனி உடைந்து ஆறு நகர்ந்தது.
வியாழக்கிழமைகளில் எனக்கு வேலையில்லை.
வெள்ளியன்று பாரம் ஏற்றி வளைவுக்கு வந்தேன்.
பழைய கோடு வெளுத்துக்கொண்டிருந்தது, புதியது இல்லை.
எதிரே ஒரு கார், கண்ணாடி இறக்கி
வெயிலுக்குக் கையை வெளியே நீட்டியபடி ஒருத்தி.
என்னைத் தாண்டியும் கையை உள்ளே எடுக்கவில்லை.
மணி எட்டு.
ஒருமுறை
ஹார்ன் அடித்துப் பார்த்தேன்.