எண்பத்தாறாம் நிலையம்

எனக்கு முன்னால்
கதவு மாட்டுகிற ஸ்வதோபுல்க்.
எனக்குப் பின்னால் மழைச் சோதனை.
நடுவில் ஐம்பத்தெட்டு விநாடி.
அதுவரை அது வெறும் வண்டி.

தாளில் 'லூ' என்றிருந்தால் இடப்பக்கப் பெட்டி,
'பெ' என்றால் வலப்பக்கம்.
பசைக் காகிதத்தை உரித்து
இரண்டு கட்டைவிரலாலும் அழுத்த வேண்டும்
பத்து எண்ணும் வரை.
முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.
அவ்வளவுதான்:
இது லூசெட், அது பெர்வான்.

விளக்கின் புருவம் கொஞ்சம் மாறும்.
ஒன்றின் மூக்கில் தேன்கூடு, மற்றதில் கம்பி.
எஞ்சின் ஒன்று, இரும்பு ஒன்று,
நிறம்கூட ஒரே பீப்பாயிலிருந்து.
தொலைக்காட்சியில் லூசெட் தனியாக மலை ஏறும்,
பெர்வானில் ஒரு குடும்பம் கடலுக்குப் போகும்.
நாற்பதாயிரம் கொரூனா வித்தியாசம்
எந்தத் திருகுக்கு அடியில் இருக்கிறதென்று
இங்கே யாருக்கும் தெரியாது.

ராடிம் லூசெட் வாங்கினான்.
மகளைக் கொண்டுவந்து விட்ட ஞாயிற்றுக்கிழமை
"கதவைச் சாத்திப் பார், சத்தமே வேறு" என்றான்.
சாத்தினேன்.
ஸ்வதோபுல்க்கின் சத்தம்.
ஒரு நாளைக்கு நானூறு தடவை கேட்பது.
"ஆமாம், வேறுதான்" என்றேன்.
சண்டையெல்லாம் போட்டுத் தீர்ந்தபின்
எங்களுக்குள் மிச்சமிருந்த மரியாதை அது.

அந்த மாதம்தான் என் சட்டையிலும் பெயரைப் பிரித்து
அப்பா வீட்டுப் பெயரைத் தைத்துக் கொடுத்தார்கள்.
பழைய ஊசித் துளைகள் அப்படியே இருந்தன.
அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

நவம்பரில் ஓர் இரவு ஷிஃப்ட்.
லாபே ஆற்றிலிருந்து பனி கொட்டகைக்குள் வந்திருந்தது.
பெட்டியை நிரப்புகிற பையன் புதியவன்.
ஒரு வெள்ளை வண்டிக்கு
முன்னால் லூசெட் ஒட்டினேன்,
பின்னால் பெர்வான்.
பத்து எண்ணினேன், இரண்டுக்கும்.

தெரிந்தது வீட்டில்,
பாத்திரம் கழுவும்போது.
கட்டைவிரலில் எழுத்தின் பள்ளம்:
'பெ' என்று, தலைகீழாக.

மறுநாள் ஹினெக் வோண்ட்ராவைப் பார்த்தேன்.
அவர்தான் கடைசிப் பரிசோதகர்,
கதவிடுக்கை அரை மில்லிமீட்டர் வரை அளப்பவர்,
பெயிண்டில் தூசி விழுந்தால்
தும்மியது யாரென்று கேட்பவர்.
"நேற்று ஏதாவது?" என்றேன்.
"ஒன்றுமில்லை. சுத்தமான ராத்திரி."
கையெழுத்துப் போட்டிருந்தார்.
வண்டி ரயிலேறிவிட்டது.

சொல்லியிருக்கலாம்.
இன்றைக்குச் சொல்லலாம் என்று
மூன்று ஷிஃப்ட் போனது.
புகார் வரவில்லை.
வசந்தம் வந்தது, புகார் வரவில்லை.

எங்கேயோ ஒருவர் அதை ஓட்டுகிறார்.
எதிரில் வருகிறவர் ஒன்று நினைப்பார்,
பின்னால் வருகிறவர் இன்னொன்று.
அவர்கள் இருவரும் சந்தித்துப் பேசப்போவதில்லை.
வாங்கியவர் எந்த விலை கொடுத்தார் என்பதுதான்
சில இரவுகளில் என்னை எழுப்புகிறது.

இப்போதெல்லாம் கடைக்குப் போனால்
வெள்ளை வண்டி ஒவ்வொன்றையும் சுற்றி வருகிறேன்,
மூக்கைப் பார்த்துவிட்டு முதுகை.
கையில் பால் புட்டிகள் கனக்க
ரொசாலியே கேட்கிறாள்,
"என்னம்மா தேடுகிறாய்?"

"கீறல்" என்கிறேன்.