சப்பாத்து

இரவு இரண்டு பத்து. ஜெலுத்தோங்.
லிப்ட் ஒற்றைப்படை மாடிகளில் நிற்காது.
பன்னிரண்டில் இறங்கி ஒரு மாடி ஏறுகிறோம்,
முன்னால் கோப்பரல் ஸுல்ஹைரி,
பின்னால் சரவாக்கிலிருந்து மாற்றலாகி வந்த ஜிம்புன்,
நடுவில் நான்,
யாருக்கும் அளவெடுக்காத குண்டுதுளைக்கா அங்கியில்.
ஒவ்வொரு படியிலும் அது
என் விலா எலும்பை விசாரிக்கிறது.

கீழே கார் நிறுத்துமிடத்தில் அவர் மனைவி
மகளின் பள்ளிப்பையை மார்போடு அணைத்திருந்தாள்.
மகள் வெறுங்காலோடு.
மூணு நாளாத் தூங்கல என்றாள்.
பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை,
கோப்பரலின் இடுப்பைப் பார்த்தாள்.
"அத மேல கொண்டு போகாதீங்க."
கொண்டுபோகாமல் இருக்க முடியாது.

கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் புனிதவேல்,
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர்.
வீட்டிலுள்ள சுவிட்சையெல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தார்.
கம்பி வழியே யாரோ அவர் பெயரைத்
தப்பாக உச்சரிக்கிறார்களாம், வேண்டுமென்றே.
இருட்டில் கறிக்கத்தி மட்டும்
எதிர் புளோக்கின் வெளிச்சத்தை
வாங்கி வாங்கித் திருப்பிக்கொண்டிருந்தது.

குரலைத் தாழ்த்து. கைகள் தெரியட்டும்.
பயிற்சியில் சொன்னதெல்லாம் செய்தேன்.
என் பேரு திலகமணி என்றேன்.
பசியாறினீங்களா அண்ணே என்றேன்.
"போன தடவ வந்தவளும் இதத்தான் கேட்டா.
கேட்டுட்டு ஊசி போட்டா."
அடுத்த வாக்கியத்தைத் தேடினேன்.
இல்லை.

வாக்கி-டாக்கி கரகரத்தது.
ஜிம்புன் அதைப் பொத்தினான்,
அழத் தொடங்கும் பிள்ளையின் வாயைப் பொத்துவதுபோல்.
பக்கத்துக் கதவுகள் நூலளவு திறந்து மூடின.
நாற்பது நிமிடம். யாரோ வீட்டு அலாரம்.
என் கால் மரத்துப்போனது.
பிறகு அவர் கீழே பார்த்தார்.

"சப்பாத்தோட நிக்கிறான் பாரு.
என் வீட்டு வாசல்ல. சப்பாத்தோட."

நான் மலாயில் சொல்லி முடிப்பதற்குள்
ஸுல்ஹைரி குனிந்துவிட்டார்.
கூடாது. கத்திக்கு முன்னால் குனியக் கூடாது.
குனிந்தவரின் பிடரி வெளிச்சத்தில் தெரிந்தது,
புதிதாய் முடி வெட்டிய பிடரி.
இடது கயிறு முடிச்சிட்டுக்கொண்டது.
இழுத்தார், இழுத்தார்,
கழற்றினார்.
காலுறை ஓட்டையில் பெருவிரல்.

புனிதவேல் சிரித்ததாகக்
கேன்டீனில் ஜிம்புன் இன்னமும் சொல்கிறான்.
சிரிக்கவில்லை.
அந்த விரலை வெகுநேரம் பார்த்தார், அவ்வளவுதான்.
"ஓரமா வை" என்றார்.

மகளின் கறுப்புப் பள்ளிச் சப்பாத்துக்குப் பக்கத்தில்
அதே கறுப்பில், மூன்று மடங்கு பெரிதாய் ஒரு ஜோடி.
அப்புறம் என்னுடையது. அப்புறம் ஜிம்புனுடையது.
தரை சில்லென்றிருந்தது.
கத்தியை எங்களிடம் தரவில்லை அவர்.
கழுவுதொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார்.
கிரில் பூட்டு திறந்தபோதும்
தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

வெளியே வந்தவர் மகளின் சப்பாத்தை எடுத்துக்கொண்டார்,
ஒரு கைக்கு ஒன்று.
ஸுல்ஹைரி விலங்கைத் தொட்டுப் பார்த்தார்,
அந்தக் கைகளைப் பார்த்தார்,
லிப்ட் பொத்தானை அழுத்தினார்.

கீழே அவர் நீட்டினார்.
அவள் வாங்கவில்லை.
அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் தாதி சொன்னாள்,
கயிறு உள்ளது எதுவும் வார்டுக்குள் ஆகாது.
ஒன்பது வயதுக் கால் நுழையும் சப்பாத்தைப்
பிளாஸ்டிக் பையில் போட்டு
மேலே அவர் பெயரை எழுதி ஒட்டினாள்.
பெயரில் ஒரு எழுத்து தப்பு.
அதைத் திருத்தச் சொன்னேன்.

படிவத்தில் பலப்பிரயோகம்: இல்லை.
நேரம்: ஐந்து ஐம்பது.
ஏழரைக்கு அவள் பள்ளியில் மணி அடிக்கும்.
அந்தப் பையைக் கேட்டு வாங்கியிருக்கலாம்,
வழியில்தான் ஜெலுத்தோங்.
காரில் ஏறிய பிறகுதான் தோன்றியது.
அதற்குள் பாயான் பாருவிலிருந்து அழைப்பு,
ஒரு பெண், மேம்பாலம்,
ஸுல்ஹைரி கயிறு கட்டாத காலால்
ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார்.