நூற்றுப் பன்னிரண்டு

ஹல் துறைமுகம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள்.
மேலே ஆரஞ்சுத் தோலும் ஈரக் கம்பளியும் மணக்க
ஆயிரத்து இருநூறு பேர்.
மேடைக்கு அடியில் நாங்கள் ஆறு பேர்,
ஒரு கயிறு, ஒரு மெழுகுவத்தி,
அடுக்கி வைத்த இரும்பு.

கோமாளி ஜேபஸ் தார்லியை
வெளிச்சத்துக்குள் எறிவது என் பிழைப்பு.
பலகையில் அவன் ஏறி நிற்பான்.
மறுதட்டில் அவன் நிறைக்கு நான் இரும்பு வைப்பேன்.
மணி அடிக்கும். கயிற்றை விடுவோம்.
தரையில் நட்சத்திரமாய் வெட்டிய கதவு
தோல் கீல்களில் இதழ் இதழாய் விரிந்து
அவனைத் துப்பிவிட்டு
வாயை மூடிக்கொள்ளும்.

மேலே இருப்பவர்களுக்கு அவன் முகம் தெரியும்:
ஈய வெள்ளை, கன்னத்தில் சிவப்பு முக்கோணம்,
காதுவரை கிழிந்த சிரிப்பு.
எனக்கு அவன் எடை தெரியும்.
தூணில் சுண்ணக்கட்டியால் எழுதி வைப்பேன்.
வந்த வருஷம் நூற்று ஐம்பத்திரண்டு ராத்தல்.
கல்யாணம் ஆனதும் இரண்டு கூட.
இரட்டைப் பிள்ளை பிறந்தபின் நூற்று நாற்பது.
கூலியில் ஆறு ஷில்லிங் வெட்டிய வருஷம்
நூற்று முப்பது.

இந்த நாட்டுப் பாண்டமைமில்
கோமாளி என்றால் திருடன்.
வாத்தைத் திருடுவான், ரொட்டியைத் திருடுவான்,
தொட்டிலோடு பிள்ளையைத் திருடுவான்,
துரத்தி வரும் போலீஸ்காரனுக்குப்
பின்புறத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பி.
கம்பியின் சிவப்பு, சாயம்.
பத்து வருஷமாய் அவன் திருடியதெல்லாம்
துணியில் அடைத்த மரத்தூள்.

அந்த வருஷம் கசாப்புக்காரர் பிராக்பேங்க்
மேடைக் கடையின் பலகையில் தன் பெயரை எழுதச் சொல்லி
நிஜச் சாசேஜ் கொடுத்தனுப்பினார்,
சரம் சரமாய்.

இரண்டாம் காட்சி முடிந்து
ஜேபஸ் ஏணியில் இறங்கி வந்தான்.
நிறைமாதக்காரியின் நிதானம்.
தொளதொளத்த கால்சட்டை தொளதொளக்கவில்லை.
மிளகு வாசனை.
என் கை இரும்பின் மேல் இருந்தது.
கூட்டினால் தூணில் எழுத வேண்டும்.
தூணை மானேஜர் தினமும் வாசிப்பார்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
நான் மெழுகுவத்தியைப் பார்த்தேன்.
நூற்று முப்பது, என்றேன்
எல்லோருக்கும் கேட்க.

மணி.

இடுப்புவரை போனான், நின்றுவிட்டான்.
நட்சத்திரத்தின் எட்டு முனையும் அவனைக் கவ்விக்கொண்டன.
கீழே எங்களுக்கு இரண்டு கால்கள் மட்டும்,
இல்லாத ஏணியில் ஏறிக்கொண்டிருந்தன.
ஒவ்வொரு உதைக்கும் கால்சட்டை வழியே
ஒரு சாசேஜ்
எங்கள் தலையில்.

மேலே நடந்ததைப் பிறகு சொன்னார்கள்.
சுற்றிலும் பார்த்தானாம்.
கைக்குட்டையைக் கழுத்தில் செருகி
மேடையை உள்ளங்கையால் துடைத்து,
சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்தவன் போல
"இன்றைக்கு என்ன சமையல்?" என்றானாம்.
பலகை இடுக்குகளில் தூசி கொட்டியது.
சிரிப்புக்கு அவ்வளவு எடை உண்டென்று
அன்றுதான் எனக்குத் தெரியும்.

காலையில் மானேஜர் ஆஷ்கிராஃப்ட் குனிந்து குனிந்து வந்தார்.
எப்படி நடந்தது?
இரும்புக் கணக்கில் பிசகினேன், என் தப்பு, என்றேன்.
அரை கிரவுன் அபராதம்.
இனி தினமும் அந்தத் தப்பு நடக்க வேண்டும்.
காணாமல் போன சரத்துக்கு
எலிகள் என்று எழுதிக்கொண்டார்கள்.
மறுநாளே மரத்தூள் திரும்பிவிட்டது.

பதினெட்டு ராத்தல் குறைத்தால்
சரியாக இடுப்பில் நிற்கிறான் என்று கண்டோம்.
நாற்பது இரவு நின்றான்.
முனை கிழித்த இடத்தில் வினிகர் தடவிக்கொள்வான்,
பல்லைக் கடித்து, வெள்ளை முகத்தோடு.
மறு வருஷம் லீட்ஸில் ஒருத்தன் இடுப்பில் நின்றான்,
யார்க்கில் இன்னொருத்தன், கைக்குட்டையோடு.
தானே யோசித்ததாக இருவரும் சொன்னார்கள்.

ஜேபஸ் எனக்கு நன்றி சொல்லவில்லை.
என் சுத்தியல் பெட்டியில்
நாடக நோட்டீசில் சுற்றி ஒன்று இருந்தது,
வறுத்தது, ஒரு பக்கம் கருகியது.

தூணில் அந்தக் குளிர்காலத்துக்கு நேரே
நூற்றுப் பன்னிரண்டு என்றிருக்கிறது.
பின்னால் யாராவது விளக்கோடு வந்து வாசித்தால்
கோமாளி அந்த வருஷம் எலும்பாய்ப் போனான் என்பார்கள்.
போகட்டும்.
விழுந்ததை ஆறாகப் பங்கிட்டோம்.
அந்த வருஷம்தான்
நாங்கள் எல்லோரும் கொஞ்சம் கனத்தோம்.