ஒன்பதாம் இடம்

திருகோணமலை கொட்பேத் துறையில்
வலை அடைந்துவைத்த துருப்பிடித்த கொள்கலனின் இலக்கம்
7 3 9 3 9 1 3 3.
ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம்.
மீன் நிறுத்து எழுதும் என் மேசைக்கு
நேர் எதிரே.

வாடைக்காற்று ஒரு மாரியில்
கடைசி மூன்றை உரித்துப் போனது.
பற்றுச்சீட்டுகளின் பின்பக்கம் முழுக்க
மிஞ்சியதை வகுத்துப் பார்த்தேன்:
பகா எண்.
அடுத்த மாரி இன்னொரு மூன்று. பிறகு ஒன்று.
அப்போதும் பகா எண்.

இங்கே எல்லாம் பங்குதான்.
படகுக்குப் பாதி, எஞ்சினுக்கு, வலைக்கு,
மிச்சத்தில் ஆளுக்கொரு கூறு.
சூரைத் தலைக்குக்கூட உரித்துக்காரர் உண்டு.

பெயின்ற் வாளியோடு வந்தான் றொஷாந்தன்:
"பழையபடி எழுதிப்போட்டு
பின்னால ஒரு இலக்கம் கூட்டுவம் அக்கா,
புதுப் பதிவுக்கு."

ஒன்பதாம் இடத்தில் ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தேன்.
இரட்டையும் ஐந்தும் சொல்லத் தேவையில்லை.
ஒன்றையும் ஏழையும் மூன்று வெட்டியது.
மூன்றும் ஒன்பதும்
சில இரவுகளைத் தின்றுவிட்டு உடைந்தன.

வளரத் தெரியாத எண்.
தேயத்தான் தெரியும்,
தேய்ந்தும் பங்குபடாது.

"விடு தம்பி" என்றேன்,
"காத்து எழுதட்டும்."

இப்போது 7 3.
வருகிற மாரிக்கு ஏழு.
அதற்குப் பிறகு வெறும் துரு,
அதை எந்த வகையில் சேர்ப்பதென்று
இன்னும் தெரியவில்லை.