ஐம்பத்தாறு டிகிரி

லியெபாயா துறைமுகத்தின் ஏழாம் கொட்டகையில்
மரத்துக்குக் காய்ச்சல் வரவழைப்பது என் வேலை.
பட்டை சுட்டால் போதாது.
கட்டையின் நடு நெஞ்சில் ஊசி செருகிப் பார்க்க வேண்டும்.
ஐம்பத்தாறு டிகிரி, முப்பது நிமிடம்.
ஒரு நிமிடம் அவசரப்பட்டால்
உள்ளே தூங்கும் புழு
வேறொரு கண்டத்தில் கண் விழிக்கும்.

பிறகு முத்திரை:
ஒரு கோதுமைக் கதிர்,
நாட்டுக்கு இரண்டெழுத்து,
என் சூளைக்கு நூற்றுப் பதினேழு.
பைன் மரத்தின் கடவுச்சீட்டு அது.
என்னுடையது காலாவதியாகி ஆறு வருஷம்.

நாங்கள் செய்வது கட்டில் இல்லை, கதவு இல்லை,
பேலட்.
பதினோரு பலகை, ஒன்பது கட்டை, எழுபத்தெட்டு ஆணி.
மேலே ஏறுவதற்கெல்லாம் பெயரும் விலையும் உண்டு,
தக்காளி விழுது, குளியலறை ஓடு, குழந்தைகளின் சைக்கிள்.
கீழே கிடப்பதைக்
காலால் தள்ளி நகர்த்துவார்கள்.

காட்டிலிருந்து வரும் லாரிகளைப் பிரிப்பவள் ஸ்காய்த்ரீதே.
நீலச் சாயம் தெளித்தால் ஜன்னல் சட்டம்,
மஞ்சளென்றால் காகிதக் கூழ்,
கோணல்மாணலெல்லாம் அரைபட்டு
டென்மார்க்கின் கொதிகலனுக்கு எரிவில்லை.
அவள் கழித்தது என்னிடம் வரும்.
"உலகம் வெட்டுற மரத்துல பாதி இன்னும் அடுப்புக்குத்தான் போகுது,
நீ என்னத்தைப் பெரிசா சூடு பண்றே?"
என்பாள், கம்பு ரொட்டியில் மீனை அடுக்கியபடி.

போன மார்ச்சில் ஒன்று திரும்பி வந்தது.
நூற்றுப் பதினேழு.
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த முத்திரை, என் கைதான்.
நடுப்பலகை மட்டும் என்னுடையது இல்லை.
சிவப்பு.
தூக்கினால் மணிக்கட்டு கேட்கும் கனம்.
விளிம்பை அறுத்துப் பார்த்தேன், ரம்பம் முனகியது,
தூளில் மிளகு வாசம்.
வெட்டுவாயில் வளையங்களைத் தேடினேன்.
ஒன்றும் தெளிவாக இல்லை.
குளிர்காலம் என்று ஒன்று இருப்பதையே
கேள்விப்படாத மரம்.

எந்தத் துறைமுகமோ.
யாரோ உடைந்ததைப் பிடுங்கிவிட்டுக்
கைக்கு அகப்பட்டதை அடித்திருக்கிறார்.
அரை விரல் நீளம் குறைவு.
பச்சைச் சுண்ணக்கட்டியில் ஒரு கூட்டல் கணக்கு,
விடை தப்பு.
அடியில் துருத்திய ஆணி முனைகளை மட்டும்
ஒன்று விடாமல் மடக்கித் தட்டியிருந்தார்,
தூக்குகிறவர் விரலில் கீறாதபடிக்கு.
அதை எந்த விதியும் கேட்பதில்லை.

விதி கேட்பது வேறு.
முத்திரை இல்லாத ஒரு பலகை கலந்தாலும்
எரி,
இல்லையேல் பழையதை அழித்துவிட்டு மறுபடி சூளையில் ஏற்று.
வில்னிஸ் சம்பளம் கொடுப்பவர், கணக்கில் புலி.
"பத்து யூரோ பொருளுக்கு எவன் கரண்டு பில் கட்டுவான்? எரி."
நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை லோடில்
இருநூறு பைன்களுக்கு நடுவே அதைச் செருகினேன்.
ஊசிக்குத் துளை போடுவதற்குள் இரண்டு அலகு மழுங்கிவிட்டது,
வைரம் பாய்ந்த கட்டை.
நாலு மணிக்கே பைன்களுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது.
சிவப்பு நாற்பத்தொன்றில் நின்றது.
ஐந்து மணி, நாற்பத்தொன்பது.
வெளியே கடல்காற்றில் பனித்துகள் பக்கவாட்டில் பறந்தது.
ஷிப்ட் முடிந்து கையுறையைக் கழற்றிய ஸ்காய்த்ரீதே
கண்ணாடி வழியாக அளவுமானியைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
"யாரு, சொந்தக்காரனா?"
பதில் சொல்லவில்லை.
அவளும் போகவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

ஐந்தே முக்காலுக்கு ஐம்பத்தாறு.
அதற்குப் பிறகுதான் அந்த முப்பது நிமிடம்.

பழைய நூற்றுப் பதினேழை இழைத்து எடுத்துவிட்டு
அதே இடத்தில் நூற்றுப் பதினேழு அடித்தேன்,
இந்த முறையும் சாய்ந்துதான் விழுந்தது.
துருத்தும் முனைகளை இப்போது நானும் மடக்குகிறேன்.
ஒரு பேலட்டுக்கு நாலு நிமிடம் கூடுதல்.
வில்னிஸிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அது கப்பலேறியது,
எரிவில்லை மூட்டைகளைச் சுமந்துகொண்டு,
விறகின்மேல் விறகாக.
கணக்கை மட்டும் நான் திருத்தவில்லை.
ஏழும் எட்டும் பதினாலு என்றே
அது போய்க்கொண்டிருக்கிறது.